தண்ணீர்தான் வெளிச்சம்

கலர் மீன் வளர்ப்பவர்கள் கூடினால் பேச்சு எங்கே தொடங்கினாலும் தண்ணீரில்தான் போய் நிற்கும். மெட்ரோ தண்ணீரைக் குளோரின் போக எத்தனை மணி நேரம் வைக்க வேண்டும், போர் தண்ணீரை ஏஞ்சல் தாங்குமா, அம்மோனியா ஏறிவிட்டால் பாதியை மாற்றுவதா முழுதையும் மாற்றுவதா என்று அது ஓயாமல் போகும். இந்தப் பேச்சிலெல்லாம் தண்ணீர் என்பது மீன் மூச்சுவிடும் இடம். கெட்டால் நோய் வரும், நன்றாக இருந்தால் மீனும் நன்றாக இருக்கும். கறுப்புக் கத்திமீன் விஷயத்தில் இந்தக் கணக்குப் போதாது. சென்னைக் கொளத்தூர்க் கடைகளில் 'பிளாக் கோஸ்ட்' என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்களே, அந்த மீன். நாம் வெளிச்சத்தைக் கொண்டு செய்யும் வேலையை அது தண்ணீரில் தானே பாய்ச்சும் மின்சாரத்தைக் கொண்டு செய்கிறது. அதன் தொட்டியில் ஒரு பிடி உப்பைப் போடுகிறவர் அது உணரும் உலகத்தையே சுருக்கிவிடுகிறார். தெரிந்து யாரும் செய்வதில்லை. நல்லது செய்வதாக நினைத்தே செய்கிறார்கள். அதனால்தான் இதை எழுதவேண்டும் என்று பட்டது.

மீனை முதலில் சொல்லிவிடுகிறேன். உடல் முழுக்க மைக்கறுப்பு. மூக்கு நுனியில் தொடங்கி முதுகின்மேல் ஓடும் வெள்ளைக் கோடு, வால் பக்கம் இரண்டு வெள்ளை வளையங்கள். முதுகுத் துடுப்பு கிடையாது, இடுப்புத் துடுப்பும் கிடையாது. வயிற்றின் அடியில், தலைக்குச் சற்றுப் பின்னால் தொடங்கி வாலை ஒட்டிவரை நீளும் ஒரே துடுப்பு. அந்தத் துடுப்பில் அலை ஓடிக்கொண்டே இருக்கும், உடல் மட்டும் விறைப்பாக நேராக நிற்கும். அலை தலையிலிருந்து வாலுக்கு ஓடினால் மீன் முன்னே போகிறது. வாலிலிருந்து தலைக்கு ஓடினால் திரும்பாமலேயே பின்னே போகிறது. ஓரிடத்தில் நிற்க வேண்டுமென்றால் இரண்டு முனைகளிலிருந்தும் அலைகள் புறப்பட்டு எதிரெதிரே வந்து நடுவில் சந்திக்கின்றன. ஒன்றையொன்று எதிர்க்கும் இரண்டு விசைகளை வீணாகச் செலவிடுவதுபோல் தோன்றும். அந்த எதிர்ப்பால்தான் மீனுக்கு நிலைத்து நிற்கவும் முடிகிறது, சட்டென்று நகரவும் முடிகிறது என்று இதன் உறவான கண்ணாடிக் கத்திமீனை வைத்து 2013இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். தொட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் அந்தச் சந்திப்புப் புள்ளியை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். அது முன்னும் பின்னும் நகரும், மீன் நகராது.

அறிவியலில் இதன் பெயர் அப்டெரோனோடஸ் அல்பிஃப்ரான்ஸ். சூரினாமிலிருந்து கிடைத்த மீனை வைத்து லின்னேயஸ் 1766இல் பெயரிட்டார். அமேசான், ஒரினோகோ, பராகுவே ஆறுகளின் நீர்ப்பரப்பெங்கும் இருக்கிறது. 50 சென்டிமீட்டர்வரை வளரும். தென் அமெரிக்கக் கத்திமீன்களில் இன்று 250க்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டிருக்கின்றன. மின் விலாங்கு என்று நாம் சொல்வதும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான், விலாங்கு அல்ல. அதில் ஓர் இனம் 860 வோல்ட்வரை அடிக்கிறது என்று 2019இல் அளந்தார்கள். நம் கறுப்புக் கத்திமீன் உடலை ஒட்டி எழுப்புவது சென்டிமீட்டருக்கு ஒரு மில்லிவோல்ட் அளவில். கையை விட்டால் ஒன்றும் தெரியாது. அந்தச் சின்ன மின்சாரம்தான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. அடித்து வீழ்த்துகிற மின்சாரத்தின் பயன் யாருக்கும் புரியும். எதையும் வீழ்த்தாத மின்சாரம் எதற்கு?

டார்வினுக்கே இந்தக் கேள்வி இடித்தது. 1859இல் வந்த நூலில் மின்மீன்களின் உறுப்புகளைத் தன் கொள்கைக்குத் தனிச் சிக்கலாகவே அவர் எழுதிவைத்தார். இரையை அதிரச் செய்யும் பெரிய உறுப்பு சிறுகச் சிறுகத்தான் உருவாகியிருக்க வேண்டும் என்றால், இடைக்காலத்தில் இருந்த பலவீனமான உறுப்பு எதற்குப் பயன்பட்டிருக்கும்? பதில் வர ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. கேம்பிரிட்ஜில் இருந்த ஹான்ஸ் லிஸ்மன், ஜிம்னார்கஸ் என்ற ஆப்பிரிக்க மீன் பின்புறமாக நீந்தும்போதும் எதிலும் முட்டிக்கொள்ளாததைக் கவனித்தார். கண் முன்னால் இருக்கிறது, மீன் பின்னால் போகிறது, ஆனாலும் பாறை இடுக்குக்குள் வழுவாமல் நுழைகிறது. தண்ணீரில் மின்முனைகளை இறக்கிப் பார்த்தபோது மீனின் வாலிலிருந்து இடைவிடாத மின்துடிப்பு வருவது தெரிந்தது. அதை 1951இல் வெளியிட்டார். பிறகு ஓர் எளிய சோதனை செய்தார். நுண்துளைகள் உள்ள மண்கலங்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். ஒன்றினுள் தொட்டித் தண்ணீர், இன்னொன்றினுள் மின்சாரம் கடத்தாத பொருள். ஒன்றின் பின்னால் மட்டும் தீனி. மீன் கற்றுக்கொண்டது. உள்ளே இருப்பது கடத்துமா கடத்தாதா என்பதைக் கலத்தின் சுவருக்கு வெளியிலிருந்தே அது அறிந்தது. 1958இல் கென்னத் மேச்சினோடு சேர்ந்து அதன் இயக்கத்தை விளக்கியபோது டார்வினின் சிக்கலுக்கும் வழி பிறந்துவிட்டது. பலவீனமான மின்சாரம் அறிவதற்கு.

ஜிம்னார்கஸுக்கும் நம் கத்திமீனுக்கும் நெருங்கிய உறவில்லை. ஒன்று ஆப்பிரிக்கா, மற்றது தென் அமெரிக்கா. இரண்டு கூட்டங்களும் தனித்தனியாக இந்தப் புலனை அடைந்திருக்கின்றன. உடலை நேராக வைத்துக்கொண்டு ஒற்றை நீளத் துடுப்பால் நீந்தும் வழக்கமும் இரண்டுக்கும் உண்டு, ஆப்பிரிக்க மீனுக்கு அந்தத் துடுப்பு முதுகில், கத்திமீனுக்கு வயிற்றில். உடல் வளைந்தால் சுற்றியிருக்கும் மின்புலமும் கலையும், புலம் கலைந்தால் அதில் எழுதப்பட்டிருப்பதைப் படிக்க முடியாது என்று லிஸ்மன் கருதினார்.

புலத்தில் எழுதப்படுவது இதுதான். மீன் தன்னைச் சுற்றித் தண்ணீரில் ஒரு மின்புலத்தை எழுப்பி வைத்திருக்கிறது. நல்ல கடத்தி ஒன்று அதற்குள் வந்தால் மின்கோடுகள் அதை நோக்கி நெருங்குகின்றன. கல்லோ கண்ணாடியோ வந்தால் விலகிப் போகின்றன. அந்த நெருக்கமும் விலகலும் மீனின் தோலில் மிக மெல்லிய ஏற்றத்தாழ்வாக விழுகின்றன. அதைப் படிக்கத் தோல் முழுவதும், தலையில் அடர்த்தியாகவும் உடலில் பரவலாகவும், பதினாலாயிரத்தை ஒட்டிய உணர்முனைகள் இருக்கின்றன. நமக்குப் பார்வை முகத்தில் மட்டும்தான். இதற்கு முதுகு, வயிறு, விலா, வால் எல்லாம் பார்க்கும்.

இதைத் தொட்டியில் காண்பதற்குக் கொஞ்சம் உயிருள்ள தண்ணீர்ப்பூச்சி போதும். மொய்னாவோ டாஃப்னியாவோ. அறை விளக்கை அணைத்துவிட்டு மங்கலான சிவப்பு விளக்கு ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். மீன் தலையைச் சரித்து, உடலைச் சாய்வாக வைத்துக்கொண்டு, நிதானமாக முன்னே வருகிறது. பூச்சி அதன் வாய்க்கு எதிரே வருவதில்லை, தலைக்கு மேலாகவோ முதுகை ஒட்டியோ தாண்டிப் போகிறது. நாம் விட்டுவிட்டது என்று நினைக்கும்போது மீன் சடக்கென்று பின்னே இழுத்துக்கொள்கிறது. முதுகின்மேல் இருந்த பூச்சி இப்போது வாய்க்கு நேரே இருக்கிறது. அடுத்த கணம் இல்லை. மார்க் நெல்சனும் மால்கம் மெக்ஐவரும் 1999இல் இந்த வேட்டையை அகச்சிவப்பு ஒளியில் படம்பிடித்து ஆராய்ந்தார்கள். மீன் பூச்சியை உணரும் தூரம் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். அவ்வளவு அருகில் உணர்ந்து, அந்த நேரத்துக்குள் முடிவெடுத்து, உடலைத் திருப்பாமலேயே பின்வாங்கிப் பிடிக்கிறது. பின்புறம் நீந்தும் திறமை எதற்கு என்று கேட்பவர் இந்த ஒரு காட்சியைப் பார்த்தால் போதும்.

இந்த இரண்டு மூன்று சென்டிமீட்டர் எந்தத் தண்ணீரில்? அதுதான் நம் வீட்டுத் தொட்டியைத் தொடும் கேள்வி.

மின்புலம் தண்ணீரில் எழுவதால் தண்ணீரின் கடத்துதிறன் அதைத் தீர்மானிக்கிறது. உப்புகள் குறைந்த தண்ணீரில் மீன் எழுப்பும் மின்னழுத்தம் நன்றாக நிற்கும். உப்பு ஏற ஏற அது விழுந்துவிடும். மெக்ஐவரும் உடன் ஆய்வாளர்களும் இந்தக் கறுப்புக் கத்திமீனையே வைத்து, கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 35 மைக்ரோசீமென்ஸிலிருந்து 600வரை உள்ள தண்ணீர்களில் அதே பூச்சி வேட்டையை அளந்து 2001இல் வெளியிட்டார்கள். கடத்துதிறன் கூடக்கூட மீன் இரையை உணரும் தூரம் குறைந்துகொண்டே வந்தது. மீன் அதேதான், பூச்சியும் அதேதான். தண்ணீர் மட்டும் மாறியது, மீனுக்கு எட்டும் தூரம் சுருங்கியது.

இப்போது எண்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்த மீன்களின் தாய்நிலத்தில் ரியோ நீக்ரோ ஆற்றின் கறுப்புத் தண்ணீரில் கடத்துதிறன் 10 மைக்ரோசீமென்ஸ் அளவில்தான் இருக்கிறது. கிட்டத்தட்ட மழைநீர். நடு அமேசானின் கலங்கிய நீரிலும் 100க்குள் அடங்கும். நம் ஊரில்? சென்னையின் பல போர்க் கிணறுகளில் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, ஆயிரத்தைத் தாண்டுகிறது. டிடிஎஸ் மீட்டர் காட்டும் எண்ணை ஏறத்தாழ இரட்டித்தால் கடத்துதிறன் கிடைக்கும். அதாவது அந்தச் சோதனையின் மிக உப்பான தண்ணீரைப் போல மூன்று மடங்கு. மீன் சாகாது. தின்னும், வளரும், பார்ப்பவருக்கு ஆரோக்கியமாகவே தெரியும். ஆனால் அதன் உலகம் உடலை ஒட்டி ஒரு மெல்லிய உறையாகச் சுருங்கியிருக்கும்.

உப்பு விஷயம் இதைவிட மோசம். இந்த மீனின் செதில்கள் மிகச் சிறியவை, தோல் மென்மையானது, வெள்ளைப்புள்ளி நோய் எளிதில் தொற்றும். தாமிரம் கலந்த மருந்துகள் இதற்கு ஆகாது என்பது பெரும்பாலான கடைக்காரர்களுக்குத் தெரியும். அதனால் கல் உப்பு போடச் சொல்கிறார்கள். நம் வீடுகளில் எல்லா மீனுக்கும் முதல் வைத்தியம் கல் உப்புதான், அதில் தவறொன்றும் இல்லை. கப்பிக்கும் மோலிக்கும் அது நல்லதே செய்கிறது. ஒரு லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு என்பது கடத்துதிறனை இரண்டாயிரம் மைக்ரோசீமென்ஸ் அளவுக்கு ஏற்றிவிடும். நோயில் கிடக்கும் கத்திமீனின் அறையில் விளக்கையும் அணைத்ததாக ஆகிறது. வெள்ளைப்புள்ளிக்குத் தண்ணீரின் சூட்டை மெதுவாக 30 பாகைவரை ஏற்றி, காற்றோட்டத்தைக் கூட்டி, அடித் தண்ணீரை உறிஞ்சி மாற்றிக்கொண்டே இருப்பது இந்த மீனுக்கு முதலில் செய்யத்தக்கது. உப்பு தவிர்க்கவே முடியாது என்றால் போடுங்கள். நோய் தீர்ந்ததும் அது தண்ணீரில் அப்படியே தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆவியாகிக் குறையும் தண்ணீரை மட்டும் ஊற்றி நிரப்பிக்கொண்டிருந்தால் உப்பு எங்கும் போகாது.

நல்ல தண்ணீருக்கு வழி இருக்கிறது. வீட்டில் ஆர்ஓ இருந்தால் அந்தத் தண்ணீரைக் குழாய்த் தண்ணீரோடு கலந்து, கடத்துதிறனை நூற்றுக்கும் முந்நூற்றுக்கும் இடையில் நிறுத்தலாம். முழுக்க ஆர்ஓ தண்ணீர் வேண்டாம்; அதில் அமிலநிலை பிடிமானமில்லாமல் ஏறி இறங்கும், தாதுக்களும் மீனுக்குத் தேவை. மாற்றத்தைச் சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவர வேண்டும். நான் விரும்புவது மழைத் தண்ணீரை. 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். குழாய் ஏற்கெனவே மாடியிலிருந்து இறங்கியிருக்கிறது. ஐப்பசியின் முதல் மழைகள் மாடியைக் கழுவிப் போகட்டும். அதற்குப் பிறகு பெய்வதைத் துணியில் வடிகட்டி டிரம்மில் பிடித்து, கரி வடிகட்டி வழியாக விட்டுத் தொட்டித் தண்ணீரில் கலந்தால், மீட்டரின் எண் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம்.

மழையைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கத்திமீன்கள் தொட்டியில் குஞ்சு பொரிக்காது என்றுதான் வெகுகாலம் நம்பியிருந்தார்கள். ஜெர்மனியின் ஃபிராங்க் கிர்ஷ்பாம் 1970களில் ஐகன்மேனியா என்னும் கண்ணாடிக் கத்திமீனுக்குத் தொட்டிக்குள்ளேயே மழைக்காலத்தை வரவழைத்தார். தண்ணீர் மட்டத்தை மெதுவாக ஏற்றினார், மேலிருந்து மழைபோல் தண்ணீர் விழச் செய்தார், கடத்துதிறனை நாளுக்கு நாள் இறக்கினார். மீன்கள் சினைப்பிடித்தன. அமேசானில் மழை பெய்து காடு வெள்ளத்தில் மூழ்கும்போது தண்ணீர் நீர்த்துப்போகிறது. மீனுக்கு அதுவே பருவத்தின் அறிவிப்பு. கடின நீரில் ஆண்டுக்கணக்கில் ஒரே அளவில் வைக்கப்படும் மீன் முடிவில்லாத கோடையில் இருக்கிறது என்பது என் எண்ணம். இன்று நம் கடைகளுக்கு வரும் குட்டிகளில் பெரும்பகுதி ஆற்றில் பிடித்தவை அல்ல, இந்தோனேசியப் பண்ணைகளில் பிறந்தவை. ஆனாலும் அமேசானின் மழைக்கணக்கு அவற்றின் உடலில் இருக்கத்தானே செய்யும்.

இந்த மீனைக் கேட்கவும் முடியும். பழைய பேட்டரி செல் ஒன்றைப் பிரித்து உள்ளே இருக்கும் கரிக்கோலை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வேண்டும். கையில் கையுறை, கறுப்புத் தூளைத் தனியே குப்பையில் கட்டிப் போடவேண்டும், கோல்களை நன்றாகக் கழுவ வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு மெல்லிய வயரைச் சுற்றி, வயர் தண்ணீரைத் தொடாமல் கோலின் நுனி மட்டும் மூழ்கும்படி தொட்டியின் இரு முனைகளில் நிறுத்தி, பேட்டரியில் ஓடும் சின்ன ஆம்பிளிஃபயரில் சொருகினால் போதும். கரண்டில் ஓடும் கருவி எதையும் இதற்குப் பயன்படுத்தவே கூடாது.

முதலில் கேட்பது மீன் அல்ல. வீட்டின் மின்சாரம். கனத்த, தாழ்ந்த ரீங்காரமாக 50 சைக்கிள் கரண்ட் தொட்டிக்குள் ஒலித்துக்கொண்டிருக்கும். ஹீட்டரைக் கழற்றினால் கொஞ்சம் குறையும். ஃபில்டரை நிறுத்தினால் இன்னும் கொஞ்சம். மேலே இருக்கும் எல்இடி விளக்கை அணைத்தால் ஒரு கீச்சொலி நிற்கும். ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கி, எல்லாம் அடங்கிய பிறகு தெளிவாக, ஒரே சீராக, உயர்ந்த ஒரு ஸ்வரம் வருகிறது. நொடிக்கு ஆயிரம் அதிர்வு அளவில். ஒரு கட்டை சுருதியில் பாடுபவரின் ஷட்ஜத்திலிருந்து மூன்று ஸ்தாயி மேலே. மீன் தூங்கினாலும் அது நிற்காது, தின்றாலும் நிற்காது. குஞ்சுப் பருவத்தில் தொடங்கியது சாகும்வரை ஒலிக்கும். அப்டெரோனோடஸ் வகை மீன்களில் இந்தச் சுருதி எவ்வளவு துல்லியம் என்று 1998இல் அளந்தவர்கள், ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையிலான பிசகு ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கைவிடவும் குறைவு என்று கண்டார்கள். உயிருள்ள உடல்களில் இவ்வளவு சீராக ஓடும் கடிகாரம் வேறொன்று அறியப்படவில்லை.

நான் அந்த ஸ்வரத்தைவிட அதற்கு முன்னால் கேட்டதைத்தான் அதிகம் நினைக்கிறேன். நம் காதுக்குக் கேட்காத அந்த இரைச்சலில்தான் மீன் இரவும் பகலும் இருக்கிறது. கத்திமீனிடம் இன்னொரு வகை உணர்முனைகளும் உண்டு. பூச்சிகளின் உடலிலிருந்து கசியும் மெல்லிய, தாழ்ந்த அதிர்வு மின்சாரத்தை உணர்பவை. கசியும் கரண்ட் அந்தப் பக்கத்தில்தான் போய் விழுகிறது. ஆய்வகங்களில் தொட்டிக்கு எர்த் கொடுத்து, கம்பி வலைக்கூண்டு போட்டு மூடி வேலை செய்கிறார்கள். வீட்டில் கூண்டு வேண்டாம். மூன்று பின் உள்ள ஹீட்டர், வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து ஒரு முறை பார்ப்பது, தண்ணீருக்குள் மூழ்கும் மோட்டாருக்குப் பதில் ஏர் பம்பில் ஓடும் ஸ்பான்ஞ் ஃபில்டர். இவ்வளவு செய்தாலே கனத்த ரீங்காரம் பெரும்பாலும் அடங்கிவிடும். கசியும் ஹீட்டரை மாற்றுவது நம் உயிருக்கும் நல்லது.

ஒரு தொட்டியில் இரண்டு வைக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். வேண்டாம். சண்டை போட்டு வாலைக் கடிக்கும் என்பது எல்லோரும் சொல்லும் காரணம். கடிபட்ட வால் முதுகுத் தண்டோடு சேர்த்து மறுபடி வளர்ந்துவிடும் என்பதும் உண்மை. அமேசானில் பிற கத்திமீன்களின் வாலைத் தேடித் தின்னும், மகோஸ்டெர்னார்கஸ் என்று பெயர் பெற்ற கத்திமீன் வகையே இருக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு காரணம். சுருதி நெருங்கிய இரண்டு மீன்கள் அருகருகே வந்தால், சரியாகச் சேராத தம்புராத் தந்திகளில் எழும் அலைப்பு இரண்டின் புலத்திலும் எழுகிறது. அந்த அலைப்பில் இரண்டுக்குமே உணர்வு குழம்புகிறது. 1963இல் ஜப்பானியர்களான வதனபேயும் தகேடாவும் இதைக் கண்ணாடிக் கத்திமீனிடம் கண்டார்கள்: குழப்பம் வரும்போது ஒரு மீன் தன் சுருதியைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்கிறது, மற்றது இறக்கிக்கொள்கிறது. இரண்டும் விலகி இடைவெளி விட்டுக்கொள்கின்றன. தன் சுருதி மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதை மீனின் மூளை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்ற கேள்விக்காகத் தியோடர் புல்லக்கும் வால்டர் ஹைலிகன்பெர்க்கும் பல ஆண்டுகள் கொடுத்தார்கள். ஒரு முழு நடத்தையை உணர்முனையிலிருந்து தசைக்குப் போகும் கட்டளைவரை நரம்பு நரம்பாகத் தொடர்ந்து போய்ப் புரிந்துகொள்ள முடிந்தது இந்தக் கண்ணாடிக் கத்திமீனிடம்.

ஆற்றில் விலகிப் போக இடம் இருக்கிறது. ஜான் லண்ட்பெர்க் குழுவினர் 1990களில் அமேசானின் நடு நீரோட்டத்தில், வெளிச்சமே எட்டாத ஆழத்தில் வலை இழுத்தபோது அந்த அடித்தளத்தில் கத்திமீன்கள் மண்டிக் கிடப்பதைக் கண்டார்கள். எத்தனையோ சுருதிகள் நிறைந்த இருட்டு அது. நாலடித் தொட்டியில் விலகுவதற்கு எங்கே போவது?

தொட்டியின் அளவும் இப்படித்தான் பார்க்கப்பட வேண்டும். கடையில் பார்க்கும்போது ஒரு விரல் நீளம் இருக்கும் குட்டி, நன்றாக வைத்தால் ஓர் அடியைத் தாண்டும், பத்தாண்டுக்கு மேல் இருக்கும். பெரிய பொருள்களை, சுவர் பாறை போன்றவற்றை, இது ஏறத்தாழ தன் உடல் நீளத் தொலைவிலேயே உணர்ந்துவிடும். கண்ணாடி மின்சாரம் கடத்தாதது. நமக்கு அது தெரியாத சுவர், மீனுக்கோ மிகத் துலக்கமான சுவர். இரண்டடித் தொட்டியில் இருக்கும் வளர்ந்த கத்திமீன் எங்கே நின்றாலும் சுவரை உணர்ந்துகொண்டேதான் இருக்கும். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்பது என் கணக்கில் குறைந்தபட்சம். அகலம் முக்கியம், மீன் திரும்ப வேண்டும்.

ஒளிந்துகொள்ள பிவிசி பைப் துண்டுகள் போதும், ஆனால் விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட வேண்டும். பகலில் அதற்குள் பக்கவாட்டில் சரிந்து படுத்திருக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் செத்துவிட்டது என்று பதறுவார்கள், தூக்கம்தான். நோவா கோவனும் எரிக் ஃபார்ச்சூனும் கண்ணாடிக் கத்திமீனுக்கு இப்படி ஒரு குழாயைக் கொடுத்து அதை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்தார்கள். மீன் குழாயோடு சேர்ந்து நகர்ந்து உள்ளேயே நின்றது. வெளிச்சத்தை எடுத்துவிட்டபோதும் நின்றது, ஆனால் இருட்டில் கூடுதலாக முன்னும் பின்னும் சின்னச் சின்ன ஆட்டம் ஆடியது. ஆட்டத்தால்தான் அதற்குத் தன் இருப்பிடம் தெரிகிறது. இரவில் உங்கள் மீன் பைப்புக்குள் காரணமில்லாமல் ஆடுவதைப் பார்த்தால் அது தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று கொள்ளுங்கள், தொந்தரவு செய்ய வேண்டாம்.

கையில் தீனி கொடுத்துப் பழக்கியவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். இந்த மீன் விரலிடம் வரும்போது மூக்கால் இடிப்பதில்லை. உடலை விரலுக்குப் பக்கவாட்டில் கொண்டுவந்து, வாலிலிருந்து தலைவரை, மறுபடி தலையிலிருந்து வால்வரை உரசாமல் அளந்து போகும். நம் கை உள்ளே உப்புநீர், நல்ல கடத்தி. அதன் புலத்தில் நாம் பளிச்சென்று இருப்போம். விரலிடையில் பிடித்த பிளட் வார்மை எடுத்துக்கொண்ட பிறகும் போகாமல் ஒரு முறை அளந்துவிட்டுப் போகும் மீன்களைப் பார்த்திருக்கிறேன். அதை அன்பு என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அந்த நேரத்தில் அதன் கவனம் முழுவதும் என்மேல் இருந்தது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

ஒரு வார்த்தை, தொட்டிக்குப் பெரிதாகிவிட்ட மீனைப் பற்றி. ஏரியில் விடாதீர்கள். தென்கிழக்கு ஆசியாவின் புள்ளிக் கத்திமீன், இதற்கும் அதற்கும் உறவில்லை, தொட்டிகளிலிருந்து வெளியேறிக் கொழும்பை ஒட்டிய சதுப்புநிலங்களில் பெருகிவிட்டது. நம்மிடம் 'டேங்க் கிளீனர்' என்று விற்ற கவசக் கெளுத்தி சென்னை ஏரிகளில் வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. வளர்க்க முடியாதவர் இடம் உள்ள இன்னொருவரிடம் கொடுக்கலாம், கடையில் திருப்பிக் கொடுக்கலாம்.

வாங்க நினைப்பவரிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். அழகைப் பார்த்து ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் சட்டென்று எடுத்துவிடாதீர்கள். ஆறடித் தொட்டிக்கு வீட்டில் இடமில்லை என்றால் இந்த மீன் வேண்டாம், அதே பணத்துக்கு டெட்ராக்கள் ஒரு கூட்டமே வரும், நன்றாகவும் இருக்கும். இடம் உண்டு என்றால், டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மீனுக்கு முன்னால் அதை வாங்குங்கள். உங்கள் வீட்டுத் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். எண்ணை இரட்டித்தால் முந்நூற்றுக்கு மேலே வருமென்றால், மழைக்காகக் காத்திருங்கள்.